செருப்புத் தைத்த மாப்பிள்ளை

பாபநாசம் மலைமேல் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில், பட்டவராயனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் தோல்செருப்பு வாங்கிக் கட்டித் தொங்கவிடுவார்கள். சாமி ராத்திரியில் அதைப் போட்டுக்கொண்டு காடு சுற்றுவதால் அடி தேய்ந்துவிடும் என்பது நம்பிக்கை. மற்ற கோயில்களில் வாசலிலேயே கழற்றிப் போடும் பொருளுக்கு இங்கே ஏன் இந்த மரியாதை?

விடை வில்லுப்பாட்டில் இருக்கிறது. பின்னால் பட்டவராயன் என்ற சாமியான பிராமணன் முத்துப்பட்டன், பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் காட்டில் கண்டு மயங்கி, அவர்கள் தகப்பனான, செருப்புத் தைக்கும் குலத்து வாலப்பகடையிடம் பெண் கேட்கிறான். குடுமியைக் களைந்து, பூணூலை அறுத்து, செருப்புத் தைத்துக் காட்டினால் தருகிறேன் என்கிறார் பகடை. தைத்தே காட்டுகிறான் பட்டன். கல்யாணச் சந்தடி அடங்குமுன் மாட்டைக் கொள்ளையர் ஓட்டிப்போன சேதி வருகிறது. விரட்டிப் போனவன் ஒளிந்திருந்தவன் கையால் சாக, பெண்கள் இருவரும் தீயில் இறங்குகிறார்கள். முடிவு தெரிந்த கதைதான். ஆனாலும் குடத்தின் ஓசை தணிந்து அந்த இடம் வரும்போது ஒவ்வொரு கோயில் கொடையிலும் கூட்டம் புதிதாக அழும்.

1971-ல் இக்கதையைப் பதிப்பித்த நா. வானமாமலை, அதில் விழுந்த ஒட்டைச் சுட்டிக்காட்டினார். பெண்கள் பிறப்பால் பிராமணர்கள், பகடை எடுத்து வளர்த்தவர் மட்டுமே என்று பின்னால் வந்தவர்கள் சேர்த்துவிட்டார்கள். மதுரைவீரனைக் காசி ராஜா மகனாக்கியதும் இதே கைவரிசைதான். ஆனால் பாட்டு லேசுப்பட்டதல்ல. பிறப்பை மாற்றியவர்களால் செருப்புத் தைக்கும் காட்சியை எடுக்க முடியவில்லை; எடுத்தால் மாப்பிள்ளைக்குப் பெண் கிடைக்காது, கதையும் நகராது. படிக்காதவர்கள் என்று நாம் சொல்பவர்கள் கட்டிய பாட்டின் கெட்டிக்காரத்தனம் அது.

என் கவலை வேறு. விடிய விடியப் பாடிய கதையை இரண்டு மணி நேரத்தில் முடிக்கச் சொன்னால், எந்தப் பகுதி முதலில் போகும்? யாரும் முகம் சுளிக்கக் கூடாதே என்று பகடை நிபந்தனை போடும் இடம்தான் போகும். காலத்துக்கேற்ப மாறுவதுதானே வாய்மொழிப் பாட்டு என்பார்கள். மாறட்டும். ஒட்டுப் போட்டவர்களுக்குக்கூட எட்டாத காட்சியை நேரமில்லை என்று நாம் வெட்டிவிடக் கூடாது. வெட்டினால், கோயிலில் தொங்கும் செருப்பைக் காட்டி ஏன் என்று கேட்கும் பேரனுக்கு, ‘சாமிக்கு நேர்ந்தது’ என்பதற்குமேல் சொல்ல நம்மிடம் எதுவும் மிஞ்சாது.