வெப்பமூட்டி எழுப்பும் ஓசைகள்: எதற்கு அஞ்ச வேண்டும்?

காகம் கரைந்தால் விருந்தினர் வருவர் என்று ஊரிற் சொல்வார்கள். ஜேர்மனியின் குளிர்கால இரவுகளில் ‘ஹைற்சுங்’ எழுப்பும் ஓசைகளுக்குப் பொருள் சொல்லத்தான் எம்மிடையே ஆளில்லை. விறகடுப்பின் குணமறிந்த எமது தாய்மாரும் நிலவறையிலிருந்து எழும் உறுமலைக் கேட்டுத் திகைக்கின்றனர். அஞ்சத்தக்கது எது, அஞ்சத் தேவையற்றது எது எனப் பிரித்தறிவது கடினமன்று.

இந்நாட்டின் பல வீடுகளில், நிலவறையிலுள்ள கொதிகலன் எரிவாயுவினாலோ எண்ணெயினாலோ தண்ணீரைச் சூடாக்குகிறது. மின்பம்பி அதனைக் குழாய்வழியே அறைகளுக்கு அனுப்புகிறது. அறைகளில் வெப்பத்தைக் கொடுத்த தண்ணீர் மீண்டும் கொதிகலனுக்கே திரும்புகிறது.

அறையிலுள்ள வெப்பமூட்டி களகளவென்று ஒலித்து, அதன் மேற்பகுதி குளிர்ந்திருந்தால், உள்ளே காற்று அடைபட்டிருக்கிறது. பக்கவாட்டிலுள்ள சிறு திருகைத் திறக்கும் சதுரத்துளைச் சாவி ‘பௌமார்க்ட்’ கடைகளிற் கிடைக்கும். கீழே ஒரு பாத்திரத்தை வைத்து, திருகை மெதுவாக இடப்புறம் திருப்புங்கள். சீறும் ஓசையுடன் காற்று வெளியேறித் தண்ணீர் வந்தவுடன் மூடிவிடுங்கள். தண்ணீர் சூடாக இருக்கும், கை கவனம். பின்னர் கொதிகலனின் அழுத்தமானியைப் பார்க்குமாறு ‘ஹவுஸ்மைஸ்ரரிடம்’ கூறுங்கள். தனிவீடுகளில் அது பொதுவாக 1 முதல் 2 பார் வரை இருத்தல் வேண்டும்.

சூடேறும்போதும் ஆறும்போதும் கேட்கும் ‘டக், டக்’ என்ற ஓசை, குழாய்கள் விரிந்து சுருங்குவதால் எழுவது, தீங்கற்றது. விசில் போன்ற ஓசை, பம்பியின் வேகம் மிகுந்து, ஒடுங்கிய வால்வினூடே தண்ணீர் நெருக்குண்டு செல்வதால் வருவது. பம்பியைச் சீர்செய்தால் அடங்கும். கொதிகலன் கேத்தல் போல இரைந்தால் உள்ளே சுண்ணாம்பு படிந்திருக்கலாம். அதைப் பார்க்க வேண்டியவர் தொழில்நுட்பவியலாளரே.

அஞ்சத்தக்க ஓசை ஒன்றுண்டு. கொதிகலன் பற்றும்போது ‘டும்’ என வெடிப்பதுபோற் கேட்டால், எரிபொருள் உடனே பற்றாது தேங்கிப் பின் ஒருசேரப் பற்றுகிறது என்று பொருள். உடனே நிறுத்துங்கள், மீண்டும் பற்றவைக்க முயலாதீர்கள். எரிவாயு மணத்தால் மின்விளக்கையோ அழைப்பு மணியையோ அழுத்தாது, சாளரங்களைத் திறந்து வெளியேறி, வெளியே நின்றே தொலைபேசியில் அழையுங்கள்.

ஓசையே இல்லாத ஆபத்து இவற்றினும் கொடியது. அரைகுறையாக எரியும் நெருப்பிலிருந்து பிறக்கும் காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. 2017 ஜனவரியில் பவேரியாவின் ஆர்ன்ஸ்ரைனில், தோட்டக் குடிலில் விருந்து கொண்டாடிய 6 இளைஞர்கள், அங்கு இயங்கிய மின்பிறப்பாக்கியின் புகையால் உயிரிழந்தனர். குளிருக்காக அறைக்குள் கரியடுப்பு மூட்டுவோர் இதனை மறக்கலாகாது. வீட்டிலுள்ளோர் பலருக்கு ஒரேநேரத்தில் தலைவலி, மயக்கம், குமட்டல் தோன்றினால் வெளியேறி 112 இலக்கத்தை அழையுங்கள். சாதாரண புகை எச்சரிக்கைக் கருவி இவ்வாயுவை அறியாது. அதற்கெனத் தனிக்கருவி உண்டு.

கறுப்புடை அணிந்து கதவைத் தட்டும் புகைபோக்கிப் பரிசோதகரைக் கண்டு தயங்குவோர் எம்மிடையே உளர். சீருடையைக் கண்டு அஞ்சி வாழ்ந்தவர்கள் நாம். ஆயினும் அவர் உங்கள் வதிவிட அனுமதியைப் பார்க்க வருபவரல்லர். எரிகலன்களையும் புகைபோக்கியையும் பார்க்க வருபவர். மாவட்டப் பொறுப்பாளர் 7 ஆண்டுகளில் இருமுறை நேரில் பார்வையிடுவது சட்டம்.

வாடகை வீட்டில் வெப்பமூட்டியைப் பழுதுபார்ப்பது வீட்டுச் சொந்தக்காரரின் கடமை என்பது ஜேர்மன் குடியியற் சட்டத்தின் 535ஆம் பிரிவு. பழுதைத் தாமதமின்றி அறிவிப்பது குடியிருப்பவரின் கடமை. ஆகவே, திகதியிட்டு எழுத்தில் அறிவித்துப் பிரதியை வைத்திருங்கள். மொழி தெரியவில்லையெனில் பள்ளி செல்லும் பிள்ளையிடம் எழுதுவியுங்கள். குளிரில் நடுங்கிக்கொண்டு மௌனமாயிருப்பது பொறுமையன்று.