அரண் காத்த வீரர் லிலியன் துராம்

கால்பந்து ஆட்டம் காண்போர் கண்கள் பந்தின் பின்னேயே ஓடுவது இயல்பு. கோல் அடித்தவர் தோளில் தூக்கிக் கொண்டாடப்படுகிறார். கோல் விழாமல் காத்தவர் பெயர் மறுநாளே மறந்து போகிறது. மதிலின் பெருமை அது இடிந்து விழும் நாளில்தான் தெரியவரும் என்பதுபோல, பின்கள வீரரின் அருமை அவர் தவறும்போதே உணரப்படுகிறது. வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் அரணுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அரண் என்பது அஞ்சி உள்ளிருப்பவர்க்கு மட்டுமன்றி, வினையாற்றப் புறப்படுபவர்க்கும் வலிமை தருவது என்பது அவர் கருத்து. இக்கருத்துக்குக் கால்பந்துக் களத்தில் ஓர் எடுத்துக்காட்டுத் தேடுவோமாயின், பிரெஞ்சு நாட்டுப் பின்கள வீரர் லிலியன் துராம் நம் கண்முன் நிற்பார்.

தீவிலிருந்து தலைநகர்க்கு

துராம் 1972ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் கரிபியக் கடலிலுள்ள குவாதலூப் தீவில், புவாந்தப்பித்ர் நகரில் பிறந்தார். கரும்புத் தோட்டங்களுக்காக ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாகக் கொண்டுவந்து வேலை வாங்கிய பிரெஞ்சுத் தீவு அது. 1848இல் அடிமை முறை ஒழிந்தபின், அதே தோட்டங்களுக்குப் புதுச்சேரி, காரைக்கால் துறைகளின் வழியே தமிழர்களும் ஒப்பந்தக் கூலிகளாய்க் கப்பலேற்றப்பட்டனர் என்பதை நாம் இங்கு நினைவுகூரலாம்.

ஐந்து பிள்ளைகளைத் தனியொருத்தியாய் வளர்த்தவர் துராமின் தாயார். பிழைப்புத் தேடி முதலில் தாம் மட்டும் பிரான்சுக்குச் சென்றார். துப்புரவுப் பணி செய்து பொருள் சேர்த்து, 1981இல் பிள்ளைகளைப் பாரிசுப் பகுதிக்கு அழைத்துக்கொண்டார். அப்போது துராமுக்கு ஒன்பது வயது.

புதிய பள்ளியில் முதற்பாடம் கசப்பாக அமைந்தது. அக்காலத் தொலைக்காட்சிக் கேலிச்சித்திரத் தொடர் ஒன்றில் கறுப்புப் பசு ஒன்று அறிவு மழுங்கியதாகக் காட்டப்பட்டது. உடன் பயின்ற பிள்ளைகள் அப்பசுவின் பெயரால் துராமை அழைத்தனர். தம் நிறத்துக்கும் அறிவின்மைக்கும் எப்படி முடிச்சுப் போடப்பட்டது என்னும் வினா அன்றே அச்சிறுவன் உள்ளத்தில் விதையாய் விழுந்தது. பிற்காலத்தில் அவர் செய்த தொண்டுகள் யாவும் அவ்வொரு விதையிலிருந்து முளைத்தவையே எனலாம்.

ஆட்டக்களத்தில் வளர்ச்சி

பொந்தேன்புளோவில் போர்த்துகீசியக் குடியேறிகளின் கழகமொன்றில் சிறுவனாய் ஆடத் தொடங்கிய துராம், பின்னர் மொனாக்கோ கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவரைத் தொழில்முறை வீரராய் உருவாக்கியவர், பின்னாளில் இங்கிலாந்தின் ஆர்சனல் கழகத்தில் பெரும்புகழ் பெற்ற பயிற்சியாளர் ஆர்சேன் வெங்கர்.

1996இல் துராம் இத்தாலியின் பார்மா கழகத்துக்குச் சென்றார். பின்களக் கலையின் பல்கலைக்கழகமாக விளங்கிய நாடு இத்தாலி. பார்மாவில் கோல் காப்பாளராகப் புபோனும், பின்களத்தில் கன்னவாரோவும் அவருடன் நின்றனர். 1999இல் அக்கழகம் இத்தாலியக் கோப்பையையும், மாஸ்கோவில் மார்செய் அணியை 3-0 என வென்று யூஃபா கோப்பையையும் பெற்றது. 2001இல் யுவெந்துசு கழகத்தில் சேர்ந்த துராம், 2002, 2003 ஆகிய ஈராண்டும் அதனுடன் இத்தாலிய வாகையர் பட்டம் பெற்றார். நடுவர் நியமன முறைகேட்டு வழக்கில் அக்கழகம் 2006இல் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்பட்டபோது, அவர் பார்சலோனாவுக்குப் பெயர்ந்து ஈராண்டு ஆடினார்.

பின்கள வீரரின் கலை

பின்கள வீரரின் தொழில் எதிரியை இடித்து வீழ்த்துவது மட்டுமே என்று எண்ணுவது தவறு. எதிரி எங்கே ஓடுவான், பந்து எங்கே வந்து விழும் என்பதை முன்கூட்டியே கணித்து அவ்விடத்தில் நிற்பதே அதன் உயிர்நாடி. நால்வரும் ஒரே கோட்டில் முன்னேறி, ஒரே கோட்டில் பின்வாங்க வேண்டும். ஒருவர் ஓரடி பின்தங்கினாலும் எதிரணி முன்கள வீரர் விதிமீறல் வலையிலிருந்து தப்பி, கோல் காப்பாளரைத் தனியே எதிர்கொள்வார். துராம் உடல்வலிமையும் விரைவும் ஒருங்கே வாய்ந்தவர். வலப்பின்புறம், பின்கள மையம் ஆகிய ஈரிடங்களிலும் ஆட வல்லவர். மையமே அவர் விரும்பிய இடம். எனினும் நாட்டணிக்காகப் பல்லாண்டு வலப்புறம் நின்றார்.

மறக்கவியலா ஒரு மாலை

1998ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டி பிரான்சில் நடைபெற்றது. துராம், பிளாங், தெசாயி, லிசராசு என்னும் நால்வர் பிரெஞ்சு அணியின் அரணாக நின்றனர். ஏழு ஆட்டங்களில் அவ்வணி விட்டுக்கொடுத்த கோல்கள் இரண்டே.

சூலை 8ஆம் நாள் குரோவாசியாவுடன் அரையிறுதி. இடைவேளைக்குப் பின் ஆட்டம் தொடங்கிய உடனே சூக்கர் கோல் அடித்தார். அதற்கு வழிவிட்டவர் துராமே. மற்ற மூவரும் கோட்டில் நிற்க, அவர் மட்டும் பின்தங்கி நின்றதால் சூக்கர் விதிமீறலுக்கு ஆளாகவில்லை. சொந்த நாட்டில், சொந்த மக்கள் முன்னிலையில், தம் பிழையால் நாட்டின் கனவு கலையும் நிலை!

ஆனால் அவர் சோர்ந்து நின்றாரில்லை. அடுத்த நிமிடமே எதிரணித் தலைவர் போபனிடமிருந்து பந்தைப் பறித்துச் சோர்க்கயேப்பிடம் தந்து, மீண்டும் பெற்று, வலக்காலால் கோல் அடித்தார். எழுபதாம் நிமிடத்தையொட்டி, கோல் பகுதியின் விளிம்பிலிருந்து இடக்காலால் வளைத்தடித்த பந்து மீண்டும் வலைக்குள் புகுந்தது. முழந்தாளிட்டு, விரலை உதட்டில் வைத்து, நடந்தது இன்னதென்று சிந்திப்பவர்போல் அவர் அமர்ந்திருந்த காட்சியை உலகம் மறக்கவில்லை. பிளாங் சிவப்பு அட்டை பெற்று வெளியேறிய பின்னும் பிரான்சு 2-1 என வென்றது. நான்கு நாட்களுக்குப்பின் பிரேசிலை 3-0 என வீழ்த்தி முதன்முறையாக உலகக் கோப்பையை ஏந்தியது. போட்டியின் சிறந்த வீரர் வரிசையில் துராம் மூன்றாமிடம் பெற்றார்.

வியப்பு யாதெனில், நாட்டுக்காக அவர் ஆடிய 142 ஆட்டங்களில் அடித்த கோல்கள் அவ்விரண்டு மட்டுமே! பிழை செய்தவரே அப்பிழையைத் திருத்தினார். அதுவும் தமக்குப் பழக்கமில்லாத தொழிலால் திருத்தினார்.

வெற்றியும் தோல்வியும்

2000இல் ஐரோப்பியக் கோப்பையையும் பிரான்சு வென்றது. 2002 உலகக் கோப்பையிலோ ஒரு கோலும் அடிக்காமல் முதற்சுற்றிலேயே வெளியேறியது. 2004இல் நாட்டணியிலிருந்து விலகிய துராம், அணி தகுதிச் சுற்றில் தடுமாறியபோது, 2005இல் சிதான், மக்கெலெல் ஆகியோருடன் திரும்பி வந்தார். 34 வயதில் பின்கள மையத்தில் நின்று, 2006 உலகக் கோப்பை இறுதியாட்டம் வரை அணி செல்லத் துணைநின்றார். அங்கே இத்தாலி பெனால்டி உதைகளில் வென்றது.

2008இல் பாரிசுக் கழகமொன்றில் சேரும்முன் நடந்த மருத்துவ ஆய்வில் அவர் இதயத்தில் குறை கண்டறியப்பட்டது. அவர்தம் உடன்பிறந்தார் ஒருவர் கூடைப்பந்து ஆடுகையில் அத்தகைய குறையாலேயே உயிர்நீத்தவர். துராம் தயங்கவில்லை, ஆட்டத்தைத் துறந்தார். அவர் நாட்டுக்காக ஆடிய 142 ஆட்டங்கள் என்னும் எண்ணிக்கையை 2022இல்தான் கோல் காப்பாளர் லோரிசு கடந்தார்.

களத்துக்கு அப்பால்

1998 வெற்றியின்போது, பல இனத்தவரும் சேர்ந்த அவ்வணியைப் புதிய பிரான்சின் அடையாளமெனப் பலர் போற்றினர். ஆயினும் கோப்பை ஒன்றால் வேற்றுமை மறைந்துவிடவில்லை. 2006இல் அணியில் கறுப்பர் மிகுந்துவிட்டனர் என்று தீவிர வலதுசாரித் தலைவர் ழான்-மாரி லெப்பென் குறைகூறினார். தாம் முதலில் பிரெஞ்சுக்காரர் என்றும், நாட்டின் வரலாற்றை அவர் அறியவில்லை என்றும் துராம் அமைதியாக விடையிறுத்தார். அதே ஆண்டில், பாரிசை அடுத்த கசான் ஊரில் குடியிருப்பிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏழைக் குடியேறிகளை, துராமும் வியெய்ராவும் பிரான்சு-இத்தாலி ஆட்டம் காணத் தம் விருந்தினராய் அழைத்தனர்.

ஆட்டத்தைத் துறந்த 2008ஆம் ஆண்டிலேயே, இனவெறிக்கு எதிராகக் கல்வி வழங்கும் அறக்கட்டளையை நிறுவினார். இனவெறி பிறவியில் வருவதன்று, கற்பிக்கப்படுவது. ஆதலின் கல்வியாலேயே அதைக் களைய முடியும் என்பது அவர் கொள்கை. 2010இல் கறுப்பினப் பெருமக்களின் வரலாறுகளை 'என் கறுப்பு விண்மீன்கள்' என்னும் பொருள்படும் நூலாக வெளியிட்டார். 2011இல் பாரிசின் கே பிரான்லி அருங்காட்சியகத்தில், பிற இன மக்களைக் காட்சிப் பொருளாக்கிய கொடுமையை விளக்கும் கண்காட்சியின் பொறுப்பை ஏற்றார். 1931இல் பாரிசில் அவ்வாறு காட்சிக்கு வைக்கப்பட்ட நியூ கலிடோனிய மக்களுள் ஒருவர், 1998இல் துராமுடன் உலகக் கோப்பை வென்ற கரெம்பேயின் முப்பாட்டனார்!

முடிவுரை

துராமின் மக்கள் மார்க்குசு, கெப்ரேன் இருவரும் இன்று பிரெஞ்சு அணி வீரர்களாய்ப் பெயர் பெற்றுள்ளனர். கறுப்பின விடுதலைத் தலைவர் மார்க்குசு கார்வியின் பெயரையே மூத்த மகனுக்கு அவர் சூட்டினார்.

களத்தில் தம் எல்லையைக் காத்தவர், களத்துக்கு வெளியே மனித மாண்பின் எல்லையைக் காக்க முற்பட்டார். பள்ளியில் ஒரு சிறுவனைப் புண்படுத்திய சொல்லுக்கு அவர் வசையால் விடை தரவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கே கற்பிப்பதன்மூலம் விடை தந்தார். நம் வகுப்பறைகளிலும் நிறத்தையோ பிறப்பையோ சுட்டி ஒரு பட்டப்பெயர் எழும்போதெல்லாம், அதைக் கேட்டு நகைப்பவரா, தடுத்து நிற்பவரா என்று நம்மை நாமே வினவிக்கொள்வோமாக.