உறங்கும் பொறியை எழுப்புவோம்

புனேயில் பயிலும் நமக்குப் பெருமை தரும் செய்தி ஒன்று உண்டு. 1988-இல் இந்நகரில் தோன்றிய சி-டாக் நிறுவனம், 1991-இல் ‘பரம் 8000’ என்னும் மீக்கணிப்பொறியைப் படைத்தது. அத்துடன், தமிழ் முதலிய இந்திய மொழிகளைக் கணிப்பொறியில் எழுதவும் மென்பொருள்களை ஆக்கித் தந்தது. அதே 1991-இல் ‘இஸ்கி’ என்னும் குறிமுறை இந்தியத் தரமாயிற்று.

ஆயினும், அக்காலத்தில் பற்பல குறிமுறைகளில் எழுதிய தமிழ்க் கோப்புகளை இன்று திறந்தால் கிறுக்கலே தெரிகிறது. குறிமுறை தெரிந்தால் யூனிகோடுக்கு மாற்றிவிடலாம். தெரியாவிடில், எழுதிய பழைய மென்பொருளையே மீண்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்குப் பழைய இயங்குதளம் வேண்டுமன்றோ? புதிய கணிப்பொறிக்குள் மென்பொருளாலேயே ஒரு பழைய கணிப்பொறியை அமைக்கிறோம். இதுவே மெய்நிகர் பொறி.

நான் முதன்முதல் விண்டோஸ் 95-ஐ இவ்வாறு ஏற்றியபோது கருந்திரையே காட்சி தந்தது. பிழை என்னுடையதுதான், தாராளமாக 2 ஜிபி நினைவகம் கொடுத்திருந்தேன்! கிராமத்துப் பாட்டி புதுவீட்டு அடுக்களையில் விறகடுப்பைத் தேடுவதுபோல், பழைய இயங்குதளமும் தான் அறிந்த உறுப்புகளையே தேடும். அவற்றை நாம் தர வேண்டும்.

முதலாவது, பல விண்டோஸ் 95 குறுந்தகடுகள் தாமே தொடங்கமாட்டா. தொடக்க நெகிழ்வட்டின் படிமத்தை முதலில் இணைக்க வேண்டும். இரண்டாவது, யூஈஎஃப்ஐ முறையை விடுத்துப் பழைய பயாஸ் முறையையும், சாட்டாவை விடுத்து ஐடிஈ வட்டிணைப்பையும் தேர்க. மூன்றாவது, நினைவகம் 64 எம்பி போதும்; 512-ஐ நெருங்கினாலே தொல்லை.

நான்காவது காரணம் வியப்பானது. பொறியின் வேகத்தை அறிய அவ்வியங்குதளம் ஒரு சுழற்சியைப் பத்து லட்சம் தடவைக்கு மேல் ஓட்டி, ஆன நேரத்தால் வகுக்கிறது. பொறி மிக விரைவானால் நேரம் சுழியாகிறது. சுழியால் வகுக்க முடியாமல் நின்றுவிடுகிறது. 350 மெகாஹெர்ட்ஸ் ஏஎம்டி கே6-2 செயலிகளிலேயே இவ்வகைக் கோளாறு தலைகாட்டிற்று. இதற்குத் திருத்தக் கோப்புகள் உண்டு.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதைக் குறித்து வையுங்கள். பொறி எழுந்ததும் அதற்கொரு நகல் எடுங்கள்.

நண்பர்களே, தமிழ் வாழ்க என்று மேடையில் முழங்குவது எளிது. விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, வீட்டுப் பரணில் கிடக்கும் நெகிழ்வட்டுகளைக் குப்பையில் போடாமல் காத்து வாருங்கள். உள்ளே நம் பெரியோரின் எழுத்து உறங்கிக்கொண்டிருக்கலாம்.