காய்ந்த ரொட்டி உண்மையில் காய்ந்துதான் போனதா?

பத்து வெள்ளிக்கும் மேல் கொடுத்து வாங்கிய சவர்டோ ரொட்டி அது. சனிக்கிழமை காலையில் ஆளுக்கு இரண்டு துண்டு சாப்பிட்டோம். மீதியைப் பையில் இறுகக் கட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். திங்கட்கிழமை எடுத்தால் கத்தி இறங்க மறுத்தது.

“பையைச் சரியாகக் கட்டியிருக்க மாட்டாய். காற்றுப் பட்டுக் காய்ந்துவிட்டது,” என்றார் அம்மா. ஆனால், பை கட்டியது கட்டியபடியே இருந்தது. ரொட்டியின் ஈரம் எங்கும் போகவில்லை. பிறகு எப்படி அது கட்டையானது?

இந்தக் கேள்வி பழையது. பிரெஞ்சு வேதியியலாளர் ஜான் பப்டிஸ்ட் பூசிங்கோ, ரொட்டியை ஈரம் வெளியேறாதபடி மூடி வைத்தாலும் அது கடினமாகும் என்பதை 1852ஆம் ஆண்டிலேயே காட்டினார். அப்படிக் கடினமான ரொட்டியைச் சூடாக்கினால் அது மீண்டும் மிருதுவாகும் என்பதையும் அவர் கண்டார். காய்வது மட்டுமே காரணமாக இருந்தால், சூடு ரொட்டியை மேலும் காய வைத்திருக்க வேண்டும் அல்லவா?

மாவுச்சத்தின் வேலை

கோதுமை மாவில் உள்ள மாவுச்சத்து, அமைலோஸ், அமைலோபெக்டின் என்னும் இரண்டு வகை நீண்ட மூலக்கூறுகளால் ஆனது. அடுப்பின் சூட்டில் மாவுச்சத்துத் துகள்கள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. அவற்றுக்குள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்த மூலக்கூறுகள் கலைந்து தளர்கின்றன. புதிய ரொட்டியின் மென்மைக்கு இதுவே காரணம்.

ஆறத் தொடங்கியதும் மூலக்கூறுகள் மறுபடியும் வரிசையில் சேர்கின்றன. அமைலோஸ் சில மணி நேரத்திலேயே சேர்ந்துவிடும். அமைலோபெக்டின் சில நாள்கள் எடுத்துக்கொள்ளும். இந்த மீள்படிகமாதல்தான் ரொட்டியைக் கட்டையாக்குகிறது. உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது நம் குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலையில், இது மிக விரைவாக நடக்கும். ரொட்டியைக் காப்பாற்ற நான் தேர்ந்தெடுத்த இடமே அதைக் கெடுத்துவிட்டது!

மீந்த சோற்றிலும் இதையே காண்கிறோம். முந்தைய நாள் சோறு விறைத்து உதிரி உதிரியாக இருப்பதால்தான் நாசி கோரெங்கிற்கு அது பொருத்தமாக இருக்கிறது. கட்டையான சவர்டோவுக்குப் பொருத்தமான வேலை, பிரெஞ்சு டோஸ்ட்.

தொலைந்ததை மீட்பது

பிரெஞ்சுக்காரர்கள் இதை ‘பாங் பெர்டு’, அதாவது ‘தொலைந்த ரொட்டி’ என்பார்கள். புதிய ரொட்டியைப் பாலும் முட்டையும் கலந்த கலவையில் ஊற வைத்தால், அது கூழாகிக் கையோடு பிய்ந்து வரும். பழைய ரொட்டியின் சட்டம் உறுதியானது. கலவையை உள்ளே வாங்கிக்கொண்டும் வடிவம் குலையாமல் நிற்கும்.

கல்லில் போட்டதும் மூன்று மாற்றங்கள் நிகழ்கின்றன. முதலாவது, ஏறத்தாழ 60 டிகிரி செல்சியசைத் தாண்டும்போது, மீண்டும் அடுக்கிக்கொண்ட அமைலோபெக்டின் தளர்ந்து, ரொட்டி மிருதுவாகிறது. இரண்டாவது, முட்டைப் புரதங்கள் சுருள் பிரிந்து, ஒன்றோடொன்று பின்னிக் கெட்டியாகி, பாலை உள்ளே பிடித்து வைக்கின்றன. மூன்றாவது, மேற்பரப்பின் நீர் ஆவியான பிறகு வெப்பம் 140 டிகிரியை எட்டுகிறது. அப்போது புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து பொன்னிறமும் மணமும் உண்டாகின்றன. 1912இல் இதை விளக்கிய லூயி கமில் மையார் பெயராலேயே இது மையார் வினை எனப்படுகிறது.

சவர்டோ, நம் தோசை மாவைப் போலவே நுண்ணுயிர்களால் புளிக்க வைக்கப்படுவது. அமிலத்தன்மையில் மையார் வினை மெதுவாகவே நடக்கும். எனவே சவர்டோ சற்றுத் தாமதமாகச் சிவக்கலாம். அதற்காகத் தீயைக் கூட்டாதீர்கள். வெளியே கருகி, உள்ளே முட்டை வேகாமல் போய்விடும். பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரை சிவப்பதற்கு உதவும்.

பச்சைப் புள்ளியை வெட்டினால் போதுமா?

சென்ற மாதம் மேசைமேல் விட்ட ஒரு ரொட்டியின் ஓரத்தில் பச்சைப் புள்ளி தெரிந்தது. அம்மா அந்த ஓரத்தை வெட்டி வீசிவிட்டு, மீதியை முட்டையில் முக்கப் போனார். நான் தடுத்தேன். “இவ்வளவு விலை கொடுத்து வாங்கியதைக் குப்பையில் போடுவதா?” என்று அவருக்கு வருத்தம்.

அவருடைய சிக்கனம் தவறில்லை. ஆனால், நாம் பார்க்கும் புள்ளி பூஞ்சணத்தின் வித்துகள் மட்டுமே. அதன் மெல்லிய இழைகள், துளைகள் நிறைந்த ரொட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் பரவியிருக்கும். சில பூஞ்சணங்கள் உண்டாக்கும் நச்சு, சமையல் சூட்டில் அழியாது. சவர்டோவின் அமிலம் பூஞ்சணத்தைத் தாமதப்படுத்தும், தடுத்து நிறுத்தாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்தத் தாமதத்தை நம்பி இருக்க முடியாது. கட்டையான ரொட்டியை மீட்கலாம். பூஞ்சணம் பிடித்ததை முழுவதுமாக வீசத்தான் வேண்டும்.

செய்து பாருங்கள்

இரண்டு சென்டிமீட்டர் தடிப்பில் நான்கு துண்டுகள், மூன்று முட்டை, 200 மில்லிலிட்டர் பால், ஒரு மேசைக்கரண்டி சீனி, ஒரு சிட்டிகை உப்பு போதும். முட்டை, பால், சீனி, உப்பைக் கலக்கி, ரொட்டியை ஒவ்வொரு பக்கமும் இரண்டு நிமிடம் ஊற விடுங்கள். ஓரம் கெட்டியாக இருந்தால் இன்னும் சற்று நேரம் விடலாம். மிதமான தீயில் வெண்ணெயிட்டு, பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம் சுடுங்கள். நடுவில் அழுத்தினால் திரவம் கசியக் கூடாது. சமையல் வெப்பமானி இருந்தால், நடுப்பகுதி 71 டிகிரியைத் தொட்டதா என்று பாருங்கள். முட்டையில் சால்மொனெல்லா இருந்தாலும் அந்தச் சூட்டில் அது பிழைக்காது.

மாணவர்கள் இன்னொன்றும் செய்யலாம். ஒரே ரொட்டியின் மூன்று துண்டுகளை எடை பார்த்து, தனித்தனிப் பைகளில் காற்றுப் புகாமல் மூடுங்கள். ஒன்றை மேசையிலும், ஒன்றைக் குளிர்சாதனப் பெட்டியிலும், மற்றொன்றை உறைபெட்டியிலும் வையுங்கள். இரண்டு நாள் கழித்து மூன்றையும் வெளியே எடுத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு எடையும் மென்மையும் ஒப்பிடுங்கள். எடை ஏறக்குறைய மாறாமல் இருக்க, எது அதிகம் கட்டையானது என்று எழுதி வையுங்கள்.

இப்போது எங்கள் வீட்டில், வாங்கிய அன்றே ரொட்டியைத் துண்டு போட்டு உறைபெட்டியில் வைத்துவிடுகிறோம். அங்கே மூலக்கூறுகள் நகர முடியாததால் ரொட்டி கட்டையாவதில்லை, பூஞ்சணமும் வளர்வதில்லை. இதில் அம்மாவுக்கு ஒரே ஒரு குறைதான். பிரெஞ்சு டோஸ்டுக்குப் பழைய ரொட்டி மிஞ்சுவதே இல்லையாம்!