பழவேற்காட்டுக் கோட்டைச் சபையில் யாருக்கு இடம்?

பழவேற்காடு என்றதும் இறாலும் நண்டும் பூநாரைகளும்தான் நினைவுக்கு வரும். சென்னையிலிருந்து பொன்னேரி வழியாகச் சுமார் 60 கிலோமீட்டர். ஏரியைப் பார்க்க வருகிறவர்களில் சிலர் டச்சுக் கல்லறைத் தோட்டத்தையும் எட்டிப் பார்ப்பார்கள். வாசலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. குழந்தைகளுக்குக் கொஞ்சம் பயம், பெரியவர்களுக்கு ஒரு செல்ஃபி. அதோடு கிளம்பிவிடுகிறார்கள்.

உள்ளே புதைக்கப்பட்டவர்கள் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்தவர்கள். 1613-ல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டிய கம்பெனி அது. பக்கத்து மீனவக் கிராமமான கோட்டைக்குப்பத்தின் பெயரில் அந்தக் கோட்டை இன்னும் இருக்கிறது. நிஜக் கோட்டையில்தான் இடிபாடுகளைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை.

கம்பெனியோடு ஒரு சபையும் வந்தது. டச்சுச் சீர்திருத்த சபை. பிரஸ்பிட்டேரியன் சபைக்கு அது உடன்பிறப்பு மாதிரி; இரண்டுமே ஜெனீவாவின் கால்வின் காட்டிய வழியில் வந்தவை. பிஷப் கிடையாது. போதகரும் சபையிலிருந்து தேர்ந்தெடுத்த மூப்பர்களும் கூடி உட்கார்ந்து முடிவெடுப்பார்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் சென்னை எழும்பூரில் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க் கட்டியது 1821-ல். அதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே பழவேற்காட்டில் அந்த வழி நடைமுறைக்கு வந்துவிட்டது.

யாருக்காக அந்தச் சபை? ஐரோப்பாவிலிருந்து வந்த சிப்பாய்களுக்கும் குமாஸ்தாக்களுக்கும் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அவர்கள் இந்த ஊரிலேயே கல்யாணம் செய்துகொண்டார்கள். மனைவி கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்பது கம்பெனியின் சட்டம். அந்த வீடுகளில் பேசியது டச்சு அல்ல, போர்ச்சுகீசியம். டச்சுக்காரர்களுக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே போர்ச்சுகீசியர்கள் இந்தக் கரையில் காலூன்றி, தங்கள் மொழியையும் கத்தோலிக்க வழிபாட்டையும் விட்டுச் சென்றிருந்தார்கள். ஆக, ஞாயிற்றுக்கிழமை டச்சுப் பிரசங்கம் கணவனுக்குப் புரியும். பக்கத்தில் இருக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் புரியாது.

1632-ல் போதகராக வந்த ஆபிரகாம் ரோஜேரியஸ் போர்ச்சுகீசியம் கற்றுக்கொண்டு, அந்த மொழியிலும் பிரசங்கம் செய்தார். டச்சுக்காரர்களுக்கு அது எதிரியின் மொழி என்பதை மறந்துவிடக் கூடாது!

ஆனாலும் எல்லோரும் உள்ளே வந்துவிடவில்லை. கம்பெனி வீடுகளில் அடிமைகளும் இருந்தார்கள். அவர்களுடைய குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா? ஆசியாவிலிருந்து போன இந்தக் கேள்வியை, நெதர்லாந்தின் டோர்ட்ரெக்ட் நகரில் 1618-19-ல் நடந்த திருச்சபை மாநாடு விவாதித்தது. விசுவாசத்தைக் கற்றுத் தேறும் வயது வரும்வரை கூடாது என்று முடிவானது. ஞானஸ்நானம் பெற்ற அடிமையை மற்றக் கிறிஸ்தவர்களுக்குச் சமமாக நடத்த வேண்டும் என்றும் அங்கே சில இறையியலாளர்கள் வாதிட்டார்கள். அடிமையை வைத்திருந்த எஜமானர்களுக்கு இது இனித்திருக்குமா? ஞானஸ்நானம் கொடுக்காமல் தள்ளிப்போட அவர்களுக்கு அதுவே ஒரு காரணமாயிற்று. சோழமண்டலக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கான மனிதர்களை பட்டாவியாவுக்குக் கப்பலேற்றி விற்றதும் இதே கம்பெனிதான். போதகருக்குச் சம்பளம் கொடுத்ததும் அதுவே. ஒரே கல்லாப்பெட்டி.

ரோஜேரியஸின் வாழ்க்கையில் இன்னொரு கதவு திறந்தது. அதைத் திறந்தவர் சபையைச் சேராதவர். டச்சுக்காரர்களிடம் அடைக்கலம் புகுந்திருந்த பத்மநாபன் என்ற பிராமணர். இருவரும் பேசிக்கொண்டது போர்ச்சுகீசியத்தில். பிறப்பு, திருமணம், சாவுச் சடங்கு, கோயில், திருவிழா என்று ரோஜேரியஸ் கேட்கக் கேட்க, பத்மநாபன் விளக்கினார். பர்த்ருஹரியின் நீதி, வைராக்கியப் பாடல்களையும் எடுத்துச் சொன்னார். காதலைப் பற்றிய பகுதியை மட்டும் சொல்ல மறுத்துவிட்டார். பாதிரியாரிடம் அதையெல்லாம் எப்படிச் சொல்வது என்ற சங்கோஜமோ என்னவோ!

பழவேற்காட்டில் பத்து ஆண்டுகள் இருந்த ரோஜேரியஸ், 1642-ல் பட்டாவியா போனார். பிறகு நாடு திரும்பி 1649-ல் இறந்தார். அவர் எழுதி வைத்த புத்தகத்தை 1651-ல் லெய்டனில் வெளியிட்டவர் அவருடைய மனைவி. மறைந்திருக்கும் புறமதத்துக்குத் திறந்த கதவு என்பது தலைப்பின் பொருள். 'புறமதம்' என்ற சொல்லில் அந்தக் காலத்து ஏளனம் இருக்கிறது. ஆனால் பத்மநாபனின் பெயரை மறைக்காமல் சொன்ன புத்தகம் அது. சமஸ்கிருதக் கவிதை அச்சில் ஐரோப்பிய மொழி பேசியது அதில்தான் முதல்முறை.

1690-ல் கம்பெனி தன் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றியது. 1825-ல் பழவேற்காடு ஆங்கிலேயர் கைக்குப் போனது. கோட்டைச் சபை கரைந்துபோனது. அதற்கும் முந்தைய போர்ச்சுகீசியர் காலத்து மாதா கோயிலுக்கு மட்டும் மீனவக் குடும்பங்கள் இன்றும் நேர்ந்துகொண்டு வருகின்றன. கடலுக்கும் ஏரிக்கும் போகிறவர்களோடு ஒட்டிக்கொண்ட வழிபாடு அது. கம்பெனி போனால் கூடவே போய்விடாது.

டச்சுச் சபையின் கிளை பிழைத்திருப்பது இலங்கையில். 1642-ஐத் தொடக்க ஆண்டாகச் சொல்லும் அந்தச் சபை, நெடுங்காலம் பறங்கியர் குடும்பங்களின் சபையாகவே இருந்தது. கொழும்பில் 1757-ல் திறந்த வொல்வெண்டால் தேவாலயம் அவர்களுடையதுதான். தரையிலும் சுவரிலும் டச்சுக் கல்லறைக் கற்கள். இப்போது அங்கே ஆராதனை ஆங்கிலம், சிங்களம், தமிழ் ஆகிய மூன்று மொழிகளில் நடக்கிறது.