மதுக் கோப்பையின் கண்ணீர்

தென்மேற்குப் பிரான்சில் உள்ள போர்தோ, திராட்சை மதுவுக்குப் பெயர் பெற்ற ஊர். சிவப்பு மதுவைச் சுவைத்துத் தரம் பார்ப்பவர்கள் எடுத்த எடுப்பில் அதைக் குடித்துவிடுவதில்லை. கோப்பையைச் சற்றுச் சுழற்றி, அதன் உட்சுவரைக் கவனிக்கிறார்கள். சுவரில் ஏறிய மது சற்று நேரத்தில் துளித்துளியாக வழியும். இதுவே 'மதுவின் கண்ணீர்'. கண்ணீர் மிகுந்தால் அது செறிவான, உயர்ந்த மது என்று நம்புவோர் உண்டு. இது சரிதானா?

ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி மிளகுத்தூளைத் தூவுங்கள். சோப்பு தொட்ட விரலை நடுவில் வையுங்கள். தூள் சட்டென்று ஓரத்துக்கு ஓடும். சோப்பு பட்ட இடத்தில் நீரின் பரப்பு இழுவிசை குறைகிறது. இழுவிசை மிகுந்த சுற்றுப்பரப்பு தூளைத் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது.

கோப்பையிலும் இதுவே நடக்கிறது. நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன். ஆல்கஹாலுக்குச் சுமார் 22தான். சுவரில் ஒட்டிய மெல்லிய படலத்திலிருந்து ஆல்கஹால் விரைந்து ஆவியாகிறது. எஞ்சியதில் நீரின் பங்கு கூடுவதால் இழுவிசையும் கூடி, கீழேயுள்ள மதுவை மேலே இழுக்கிறது. சேர்ந்த திரவம் கனத்ததும் வழிகிறது. 1855-இல் இதை விளக்கியவர் ஜேம்ஸ் தாம்சன். கெல்வின் பிரபுவின் தமையனார். கோப்பையை மூடிவிட்டால் ஆவியாதல் தடைப்படும்; கண்ணீரும் நின்றுவிடும். ஆகவே கண்ணீர் சொல்வது ஆல்கஹாலைப் பற்றித்தான், தரத்தைப் பற்றியல்ல.

சரி, நாக்கு என்ன சொல்கிறது? செறிவான சிவப்பு மது வாயை உலரச் செய்து துவர்க்கும். திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின், உமிழ்நீரின் புரதங்களோடு பிணைந்து வாயின் வழுவழுப்பைக் குறைக்கிறது. கடுந்தேநீரிலும் இதே துவர்ப்பு உண்டு. அதில் பால் ஊற்றினால் துவர்ப்பு குறைவதேன்? டானின் பாலின் புரதத்தைப் பற்றிக்கொள்வதால்தான்.

ஆனால் நாக்கும் ஏமாறும். 2001-இல் வெளிவந்த போர்தோ ஆய்வொன்றில், வெள்ளை மதுவில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து 54 பேரிடம் கொடுத்தார்கள். அவர்களோ மதுவியல் பயிலும் மாணவர்கள். அவர்கள் அதன் மணத்தைச் சிவப்பு மதுவுக்குரிய சொற்களாலேயே வருணித்தார்கள். கண் முந்திக்கொண்டது!

'இயற்கை வேளாண்மையில் விளைந்தது' என்ற சீட்டும் இப்படி முந்திக்கொள்ளக் கூடியதே. அதில் செயற்கைப் பூச்சிமருந்து இல்லை என்பது உண்மை. ஆனால் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த 'போர்தோ கலவை' போன்ற தாமிர மருந்துகள் அங்கே அனுமதிக்கப்பட்டவை. கொடியின் பூஞ்சை நோய்க்கு எதிராக அக்கலவையை 1885-இல் அறிவித்தவர் போர்தோப் பேராசிரியர் மில்லார்தே. தாமிரம் மண்ணில் சிதையாது, தங்கிவிடும். அதனால் ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் ஹெக்டேருக்கு 7 ஆண்டுகளில் 28 கிலோ என வரம்பு விதித்தது.

இன்னொன்று: எந்த முறையில் விளைந்த திராட்சையானாலும், நொதித்தபின் கிடைக்கும் ஆல்கஹால் ஒன்றேதான். குடிப்பதில் பாதுகாப்பான அளவு என்று எதுவுமில்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் தெரிவித்தது. சீட்டு மாறினால் மூலக்கூறு மாறுமா? நீங்களே சொல்லுங்கள்.