வங்கம் தன்னவராக்கிய வாத்தியக் கலைஞர்

பிறந்த மண்ணை விட்டு வேற்று மாநிலத்தில் வாழ்வோர் மனத்தில் ஒரு கேள்வி எப்போதும் உண்டு: இவ்வூரார் நம்மைத் தம்மவராக என்றேனும் ஏற்பார்களா? வி. பால்சாராவின் வாழ்க்கை அதற்கு ஒரு விடை.

1922-ஆம் ஆண்டு பம்பாயில் பார்சிக் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். அங்கே இந்தித் திரைப்படங்களில் பணியாற்றியபின், 1954-இல் கல்கத்தாவில் குடியேறினார். பியானோ, ஆர்மோனியம், வாயால் ஊதி விரலால் வாசிக்கும் மெலோடிகா, மின்விசையால் ஒலிக்கும் யூனிவாக்ஸ் ஆகிய யாவும் அவர் கைக்கு வசப்பட்டன.

பாடகரின் பெயரை யாவரும் அறிவர். பாட்டின் முகப்பிசையையும் இடையிசையையும் வகுத்து, இன்ன வாத்தியம் இன்ன இடத்தில் ஒலிக்க வேண்டுமென்று அமைப்பவரை அறிவோர் சிலரே. அப்பணியையும் பால்சாரா செய்தார். வங்கப் படங்களுக்கு இசையும் அமைத்தார்.

இவற்றினும் அரிய செயல் ஒன்றுண்டு. ரவீந்திரநாத தாகூரின் பாடல்களில் சொல்லும் இசையும் பிரிக்கவொண்ணாதவை என்பர். பால்சாரா சொல்லை விலக்கி, மெட்டை மட்டும் வாத்தியத்தில் வாசித்து இசைத்தட்டுகளாக அளித்தார். பியானோவின் சுரங்களோ தனித்தனியே நிற்பவை. குரலைப்போல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இழைந்து செல்ல அவற்றுக்கு இயலாது. அயல்மொழியில் பிறந்தவர், அயல்நாட்டு வாத்தியத்தில், தங்கள் கவியின் பாட்டை வாசித்ததை வங்க மக்கள் தங்கள் இசையாகவே ஏற்றனர்.

அரை நூற்றாண்டு அந்நகரிலேயே உழைத்து, 2005 மார்ச் 24-இல் அங்கேயே மறைந்தார். பம்பாயில் பிறந்த அவரை வங்கம் இன்று தன் கலைஞருள் ஒருவராகவே எண்ணுகிறது.

வங்கத்தில் வாழும் நேயர்கள், அவருடைய இசைத்தட்டு கிடைப்பின், ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.